இத்துப்போன மாங்கட்டையில் சிமிழ்: நடுவில் ரெசின் ஏறாதது ஏன்?

மிக்ஜாம் புயல் மழையில், 2023 டிசம்பரில், மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்து மாமரம் வேரோடு சாய்ந்தது. கிளைகள் விறகாகப் போய்விட்டன. அடிக்கட்டை மட்டும் அடுத்த வடகிழக்குப் பருவமழை முடியும்வரை மதிலோரம் மண்ணிலேயே கிடந்தது. அறுத்துப் பார்த்தால், பூஞ்சணம் போட்ட கறுப்புக் கோடுகள் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருந்தன. கோடுகளுக்கு இடையில் மரம் வெளுத்து, நகம் பதித்தால் அமுங்கும் அளவுக்கு மெத்தென்று இருந்தது. வீட்டில் ஆளுக்கொரு குங்குமச் சிமிழ் இந்த மரத்தில் வேண்டும் என்பதுதான் குடும்பத்தாரின் விருப்பம்.

முதல் தொகுதிக்கு வேறொரு பட்டறையில் ரெசின் ஏற்றினார்கள். அதாவது, மெத்தென்ற மரத்தைச் சூட்டில் இறுகும் மெத்தாக்ரிலேட் என்ற திரவ ரெசினில் அமிழ்த்தி, வேக்குவம் பம்பால் காற்றை எடுத்து, ரெசினை உள்ளே போகவிட்டு, பிறகு மின் அடுப்பான அவனில் (oven) வைத்து இறுகவைப்பது. லேத்தில் மாட்டியபோது வெளிப்புறம் அழகாகக் கடைந்து வந்தது. உள்ளே குடையத் தொடங்கியதும் உளி நாரைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கியது, ஒரு துண்டு லேத்தின் பிடியான சக்கிலேயே பிளந்தது. அந்தத் துண்டுகளும், ரெசின் போடாமல் மீந்த அதே அறுப்புத் துண்டுகளும் ஆய்வுக்கு வந்தன. அவற்றில் கண்டது, மீந்ததில் எட்டுத் துண்டுகளை எடுத்துத் திரும்பச் செய்த முறை, இரண்டும் இங்கே இருக்கின்றன.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். பம்ப் மேலும் குற்றமில்லை, ரெசின் மேலும் குற்றமில்லை. மரத்துக்குள் ஈரம் இருந்தது. சென்னையில் இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இந்த ஒரே காரணத்தால்தான்.

தோற்ற துண்டை அறுத்துப் பார்த்தபோது

துண்டின் அளவு 60 × 60 × 75 மி.மீ. நீளவாக்கில் இரண்டாக அறுத்ததும் விஷயம் கண்ணுக்கே தெரிந்தது. வெளியிலிருந்து 12 முதல் 15 மி.மீ. வரை மரம் கருத்து, கண்ணாடிபோல் இறுகியிருந்தது. அதற்கு உள்ளே திட்டென்று எல்லை மாறி, வெளுத்த, ரெசின் படாத, விரலால் தேய்த்தால் மாவாக உதிரும் மரம். குறுக்குவெட்டு முகங்களிலிருந்து மட்டும் ரெசின் கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தது. இழைக்குழாய்கள் நீளவாக்கில்தான் திறந்திருக்கும் என்பதால் அது எதிர்பார்க்கக்கூடியதே.

நடுப்பகுதி கெட்டிருந்தால் அது இரண்டில் எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளுத்த, வாசனையற்ற பொடி வந்தால் ரெசின் அங்கே போகவே இல்லை. பிசுபிசுப்பாக, மூக்கைத் துளைக்கும் வாசனையோடு இருந்தால் ரெசின் போயிருக்கிறது, சூடு போதாமல் இறுகவில்லை. பிசுபிசுத்த துண்டைத் திரும்ப அவனில் வைத்துக் காப்பாற்றலாம். பொடியாக வருவதற்கு அந்த வழி கிடையாது. வெளி ஓடு இறுகிவிட்ட பிறகு புது ரெசின் உள்ளே போக வாசலே இல்லை. நம் துண்டு பொடி வகை.

துண்டின் மேல் மார்க்கரால் எடை எழுதியிருந்தார்கள்: ரெசினுக்கு முன் 116 கிராம், பின் 190 கிராம். எல்லாப் பட்டறையிலும் இருக்க வேண்டிய பழக்கம் இது. ஆய்வுக்குப் பிடி கிடைத்ததே அதனால்தான். 116-க்கு 74 கிராம் கூடுதல், கிட்டத்தட்ட 64 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எடைச் சதவீதத்தை மட்டும் பார்த்து மனநிறைவு அடையக் கூடாது. மரத்துக்குள் எவ்வளவு இடம் காலியாக இருந்தது என்பதோடு ஒப்பிட வேண்டும்.

கணக்கு எளிது. எந்த மரமானாலும் செல் சுவரின் அடர்த்தி கனசென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். இந்தத் துண்டின் கன அளவு 270 க.செ.மீ. முழுதும் உலர்ந்த எடை 102, 103 கிராம் என்றால், திட மரம் பிடிக்கும் இடம் 69 க.செ.மீ. மட்டுமே. மீதி 201 க.செ.மீ. வெற்றிடம். மெத்தாக்ரிலேட் ரெசினின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீர் அளவுதான், ஆக 200 கிராம்வரை ஏற இடம் இருக்கிறது. ஏறியது 74. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வெற்றிடத்தின் பெரும்பகுதி நிரம்பவே இல்லை என்பதைத்தான் இந்த எண் காட்டுகிறது.

ஈரம் எங்கிருந்து வந்தது

மீந்த துண்டுகளில் ஒன்றை ஈரமானியில் வைத்தபோது 7 சதவீதம் காட்டியது. அதே துண்டு 117 கிராம் எடை. அவனில் 103 டிகிரியில் எடை நிற்கும்வரை உலர்த்தியபோது 103 கிராமுக்கு இறங்கியது. போனது 14 கிராம், அதாவது 13.6 சதவீதம். ஊசி குத்தாமல் மேலே வைத்துப் பார்க்கும் மீட்டர் மரத்தின் அடர்த்தியை ஓர் அளவாக வைத்துக்கொண்டு ஈரத்தை மதிப்பிடுகிறது. பூஞ்சை தின்று எடை குறைந்த மரத்தில் அது குறைத்துத்தான் காட்டும். இத்துப்போன மரத்துக்கு மீட்டரை நம்பவே வேண்டாம். தராசுதான் சாட்சி.

13.6 சதவீதம் தற்செயலும் அல்ல. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி நிற்கும் ஊரில் மரம் 13, 14 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். "மொட்டை மாடியில் ஒரு மாசம் காய்ஞ்சிருக்கு" என்று சொல்லித்தான் பலரும் கட்டை கொண்டுவருகிறார்கள். பகல் வெயிலில் கொஞ்சம் இறங்கியதைச் சாயங்காலக் கடல் காற்று திருப்பிக் கொடுத்துவிடும். வெயிலில் எத்தனை நாள் போட்டாலும் இந்த வேலைக்கு வேண்டிய பூஜ்யத்துக்கு அது வராது.

ஈரம் இருந்தால் என்ன ஆகும்? 30 டிகிரி வெப்பத்தில், பாதரச அங்குலக் கணக்கில் காட்டும் வேக்குவம் கேஜ் 28.7 அங்குலத்தைத் தாண்டினாலே தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். மர இழையோடு பிணைந்த ஈரம் கொஞ்சம் அடம்பிடிக்கும், இருந்தாலும் 29-ஐத் தாண்டியதும் அதுவும் ஆவியாகும். ஒரு கிராம் தண்ணீர் அந்த நிலையில் 33 லிட்டருக்கு மேல் ஆவி. 14 கிராம் ஈரம் உள்ள துண்டிலிருந்து குமிழி நிற்கவே நிற்காது. காற்று வெளியேறுகிறது என்று நினைத்துக் காத்திருப்போம், வருவதோ நீராவி. பொறுமை இழந்து வேக்குவத்தை விட்டதும் ரெசின் ஓரளவுதான் போகும். பிறகு 93 டிகிரி அவனில் மீந்த ஈரம் மறுபடி ஆவியாகி, போன ரெசினையும் வெளியே தள்ளும். முதல் தொகுதித் துண்டுகளின் அடியில் ஃபாயிலோடு ஒட்டியிருந்த தடித்த ரெசின் கட்டிகள் அந்தத் தள்ளலின் தடயம்தான்.

தேறும் மக்கல், தேறாத மக்கல்

மீந்த துண்டுகள் எல்லாமே எடுக்கத் தக்கவை அல்ல. வெண் அழுகல் பிடித்த மரம் வெளுத்து, நாராக, ஸ்பாஞ்சுபோல் அமுங்கும். பூஞ்சை இழைகளைப் பிணைக்கும் லிக்னினையும் சேர்த்துத் தின்றாலும் இழையின் சட்டகம் மிச்சமிருக்கும். ரெசினுக்கு இதைவிட நல்ல மரம் கிடையாது. கறுப்புக் கோடுகளும் பெரும்பாலும் இதோடுதான் வரும்.

பழுப்பு அழுகல் வேறு கதை. அந்தப் பூஞ்சை இழைக்கு வலு தரும் செல்லுலோஸைத் தின்று லிக்னினை விட்டுவிடும். மரம் கருஞ்சிவப்பாகி, குறுக்கும் நெடுக்கும் வெடித்து, சிறு கட்டங்களாக உடையும். ரெசின் ஏறும், இறுகவும் செய்யும், ஆனால் கட்டங்களுக்கு இடையில் உள்ள பிளவுகளில் ரெசின் நிற்காது. கடையும்போது அந்தப் பிளவு வழியாகவே துண்டு சிதறும். 1 மி.மீ.க்கு மேற்பட்ட பிளவையும் வண்டுத் துளையையும் இந்த ரெசின் அடைக்காது என்பது பலருக்குப் புரிவதில்லை. அது செல்லுக்குள் தங்கும் ரெசின். பெரிய ஓட்டையிலிருந்து வடிந்துவிடும். வேர்ப்பக்கத்துத் துண்டுகளை இந்தக் காரணத்தால் முழுதாக ஒதுக்க வேண்டியிருந்தது.

சோதனைக்கு நகமே போதும். அழுத்தினால் அமுங்கி, நாரைப் பிடித்து இழுத்தால் பஞ்சாகப் பிரிந்தால் எடுக்கலாம். அழுத்தினால் பொடிந்து, விரலில் காப்பிப்பொடி நிறம் ஒட்டினால் விட்டுவிடலாம்.

உலர்த்தல்

எட்டுத் துண்டுகளையும் இறுதி அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்து, தூசியைக் காற்றடித்து எடுத்த பிறகு அவனில் வைத்தது. முதல் நான்கு மணி நேரம் 60 டிகிரி, அதற்குப் பிறகு 103. நேரே 103-இல் வைத்தால் குறுக்குவெட்டு முகம் வெடிக்கும். வண்டும் பூஞ்சையும் இந்தச் சூட்டில் செத்துவிடும் என்பது உபரி நன்மை.

வீட்டு ஓடிஜி அவன் 20 டிகிரிகூடத் தவறிக் காட்டும். சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் கே வகை தெர்மோகப்பிளும் (வெப்பம் அளக்கும் கம்பி) ஒரு பிஐடி கன்ட்ரோலரும் (வெப்பத்தைச் சீராக வைக்கும் கருவி) வாங்கி அவனோடு இணைத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். அந்த அவனில் பிறகு சமைக்கக் கூடாது. இன்னொன்று முக்கியம்: வெண் அழுகல் மரம் எளிதில் கனலும். 110 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள், சூடேற்றும் கம்பிக்கு அருகில் வைக்காதீர்கள், ஆளில்லாமல் இரவு முழுக்க ஓட விடாதீர்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்; நடுப்பகுதி கருகுவது வெளியே தெரியாது.

எடை பார்க்க 0.1 கிராம் காட்டும் சிறு தராசு வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடை போட்டு, அடுத்தடுத்த இரண்டு எடைகளுக்கும் வித்தியாசம் 0.2 கிராமுக்குள் வந்தால் உலர்ந்தது என்று கொள்ளலாம். ஏற்கெனவே காற்றில் காய்ந்த இந்த அளவுத் துண்டுக்கு ஏறக்குறைய ஒரு நாள் அவன் நேரம் ஆகும். நடுவில் கரன்ட் போனால் கதவைத் திறக்காமல் விட்டு, வந்ததும் தொடர வேண்டும்.

அவனிலிருந்து எடுத்த பிறகு செய்யும் காரியத்தில்தான் பாதிப் பேர் உலர்த்திய பலனை இழக்கிறார்கள். சூடான மரத்தை ரெசினில் போட முடியாது. பாத்திரத்தோடு ரெசின் இறுகும். ஆற வைக்க வேண்டும். ஆனால் மேசையில் திறந்து ஆற வைத்தால் நம் ஊர்க் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதிலும் இத்துப்போன மரம் வேகமாக உறிஞ்சும். ஒரு துண்டை வேண்டுமென்றே இரவு முழுக்க வெளியே வைத்துப் பார்த்தபோது 103 கிராம் 107 ஆகியிருந்தது. அதனால் சூடாக இருக்கும்போதே ஜிப் பையிலோ இறுக மூடும் டப்பாவிலோ போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி ஆறவிட்டு, அதிலிருந்து நேரே ரெசினுக்குக் கொண்டுபோனது.

பாத்திரமும் வேக்குவமும்

200 மி.மீ. உள்விட்டம், 300 மி.மீ. உயரம் கொண்ட, 3 மி.மீ. தடிப்புள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்த் துண்டுக்கு அடித்தட்டு பற்றவைத்தது. சமையல் எவர்சில்வர் பாத்திரம் உள்வாங்கி நசுங்கும். இந்த விட்ட மூடியின் மேல் காற்று அழுத்துவது சுமார் 325 கிலோ. மூடிக்கு 19 மி.மீ. பாலிகார்பனேட் அல்லது டஃபன்டு கண்ணாடி. அக்ரிலிக் மூடியில் ரெசின் ஆவி பட்டுப் பட்டு மயிரிழை விரிசல் விழும், ஒருநாள் அது உடையும். எந்த மூடியானாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டுதான் குனிந்து பார்க்க வேண்டும்.

ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் இரட்டைக் கட்ட வேக்குவம் பம்ப் போதும். பாத்திரத்துக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு காலி ஜாடி, ஒரு வால்வு. ரெசின் நுரைத்துப் பொங்கினால் ஜாடியில் விழும், பம்ப் பிழைக்கும். பம்பு ஆயில் பால்போல் கலங்கினால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

துண்டுகளை அடுக்குக்கு நான்காக இரண்டு அடுக்கு வைத்தது. வட்டப் பாத்திரத்தில் சதுரத் துண்டுகள் வைக்கும்போது சுற்றிலும் இரண்டரை லிட்டர் இடம் வீணாக ரெசின் கேட்கும். அந்த இடத்தில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைக் கொட்டினால் ஒன்றரை லிட்டர் மிச்சம். இறக்குமதி ரெசின் விலைக்கு இது பெரிய காசு. மரம் மிதக்கும், ஆகவே மேலே துளையிட்ட ஸ்டீல் தட்டு, அதன் மேல் எடை. ரெசினை 220 மி.மீ. உயரம்வரை ஊற்றியது. எட்டுத் துண்டுகள் ஒன்றரை லிட்டர்வரை குடிக்கும், குடித்து முடித்த பிறகும் மரத்துக்கு மேல் இரண்டு விரல் ரெசின் நிற்க வேண்டும். ஒரு மூலை வெளியே தெரிந்தாலும் அந்த வழியாக மரம் ரெசினுக்குப் பதில் காற்றை உறிஞ்சிக்கொள்ளும்.

வால்வை மெதுவாகத் திறந்து, நுரை அடங்க அடங்க வேக்குவத்தைக் கூட்டி, 29.5 அங்குலத்துக்கு மேல் கொண்டுபோனது. ஐந்து மணி நேரத்தில் குமிழி நின்றது. ஈரத் துண்டுகளில் நாள் கணக்கில் நிற்காத அதே குமிழி. ஒரே இடத்திலிருந்து சீராக ஒற்றைக் குமிழி வந்துகொண்டே இருந்தால் அது மரமல்ல, பொருத்தில் கசிவு.

ரெசின் மரத்துக்குள் போவது வேக்குவம் ஓடும்போது அல்ல. வேக்குவம் செய்வது காற்றை எடுப்பது மட்டும். பம்பை நிறுத்திக் காற்றை உள்ளே விட்ட பிறகுதான் வெளிக்காற்றின் அழுத்தம் ரெசினை உள்ளே தள்ளுகிறது. வேக்குவம் ஓடிய நேரத்தைப்போலக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் ஊற வேண்டும். இந்தத் தொகுதி இரவு முழுக்க ஊறியது. அவசரப்பட்டு உடனே எடுப்பவர்கள் நல்ல வேக்குவத்தையும் வீணடிக்கிறார்கள்.

103 கிராம் துண்டு 281 கிராமாக வெளியே வந்தது. ஏறியது 178, வெற்றிடத்தில் 88 சதவீதம். ஆறு துண்டுகள் இதை ஒட்டியே வந்தன. மற்ற இரண்டும் உலர்ந்தபோதே 140 கிராம் இருந்தவை. அவற்றில் ஏறியது 104 கிராம், 59 சதவீதம்தான். அவை அதிகம் மக்காத, வைரம் (மரத்தின் நடுவில் உள்ள கெட்டிப் பகுதி) பக்கத்துத் துண்டுகள். அங்கே இழைக்குழாய்கள் இயல்பாகவே அடைபட்டிருக்கும். அது குறையாகாது, அந்த மரம் தானே நிற்கும் வலு உள்ளது, ரெசின் அவ்வளவாகத் தேவையுமில்லை.

இறுகவைத்தல்

வடியவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே அலுமினியம் ஃபாயிலில் இறுகச் சுற்றி, அடியில் தட்டு வைத்து 93 டிகிரி அவனில் அடுக்கியது. ஒரு துண்டில் நடுவரை துளையிட்டுத் தெர்மோகப்பிள் செருகியதில் கடிகாரத்தை நம்ப வேண்டியிருக்கவில்லை. நடுப்பகுதி 90 டிகிரியை எட்ட ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது. பிறகு ரெசின் தானே சூடு விட்டு அவனின் வெப்பத்தையும் தாண்டியது, கொஞ்ச நேரத்தில் இறங்கியது. அந்த ஏற்றமும் இறக்கமும்தான் உள்ளே இறுகிவிட்டதற்கு அடையாளம். அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் விட்டு எடுத்தது. ஜன்னல் திறந்திருக்கட்டும், வாசனை கடுமையாக இருக்கும்.

ஃபாயிலை உரித்து, கசிந்து இறுகிய ரெசினைச் சுரண்டிய பிறகு எடை 272. கசிவு 9 கிராம்தான். முதல் தொகுதியின் கட்டிகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஒரு துண்டை அறுத்துப் பார்த்தபோது விளிம்பிலிருந்து நடுவரை ஒரே நிறம். வெளுத்த திட்டு எங்கும் இல்லை.

எப்பாக்ஸியை இதே முறையில் ஏற்றலாமா என்று கேட்கிறார்கள். தடிமன் அதிகம், நடு வரை போகாது, பெரிய அளவில் கலந்தால் பாத்திரத்திலேயே சூடாகி இறுகும். லேத்தில் மாட்டிய பிறகு சின்ன மெத்தென்ற இடம் மட்டும் தெரிந்தால் மெல்லிய சூப்பர் க்ளூ போதும். அது 3 மி.மீ. ஆழத்துக்கு வலு தரும், அவ்வளவுதான்.

கடைசல்

ரெசின் ஏறிய மரம் உளியைச் சீக்கிரம் மழுக்கும். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) உளியை வழக்கத்தைவிட அடிக்கடி தீட்ட வேண்டும், அல்லது கார்பைட் முனை. சீவல் சுருளாக வராமல் துணுக்காகத் தெறிக்கும், அது சரியான அறிகுறி. குடையும்போது ஓர் இடத்தில் மட்டும் தூளாக வந்தால் நிறுத்திப் பாருங்கள், அங்கே ரெசின் குறைவு. உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் ரெசின் சூடாகித் தாள் அடைபடும். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது. இப்போது அந்த மரம் தண்ணீரைக் கண்டு ஊதாது.

எண்ணெய் பூச்சு உள்ளே இறங்காது, மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். மெருகுச் சக்கரத்தில் பிடித்தாலே போதிய பளபளப்பு வரும். மூடியின் குமிழை ஒட்ட ஃபெவிகால் வகைப் பசை பிடிக்காது. எப்பாக்ஸி அல்லது சூப்பர் க்ளூ. கோடுகளின் ஓரம் இரண்டு வண்டுத் துளைகள் திறந்தபடியே இருந்தன. மரத்தூளும் சூப்பர் க்ளூவும் கலந்து அடைத்தது.

தூசியை அலட்சியப்படுத்தாதீர்கள். மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் ஒரே குடும்பம். மாமரத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். அதோடு பூஞ்சை வித்துகளும் ரெசின் தூளும் சேர்கின்றன. துணி கட்டிக்கொண்டால் போதாது, என்95 முகக்கவசமாவது வேண்டும். உலர்ந்த துண்டை அறுக்கும் கட்டத்திலிருந்தே அதை அணிய வேண்டும்.

மீந்த ரெசினை மெல்லிய துணியில் வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தலாம். இறுகுவதைத் தூண்டும் கிரியாவூக்கி கலந்த ரெசின் கத்திரி வெயிலில் தகரக் கொட்டகையில் இருந்தால் தானே கட்டியாகிவிடும்; சமையலறை ஃப்ரிட்ஜில் வைக்காமல் அதற்கென்று தனியாகக் குளிர்ந்த இடம் வேண்டும். கேனை விளிம்புவரை நிரப்பாதீர்கள். ரெசினில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன்தான் அது முன்கூட்டியே இறுகாமல் காக்கிறது, மணிக்கணக்கில் வேக்குவத்தில் இருந்த ரெசினில் அது குறைந்திருக்கும். வடிகட்டும்போது காற்றுப்பட ஊற்றி, மேலே கால் பங்கு இடம் விட்டு மூடி, தேதி எழுதி வையுங்கள்.